வீர விளையாட்டுக்கு ஆதரவுப் பணம்: எது ஆகும், எது ஆகாது?

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

பாகூர் கொம்யூனைச் சேர்ந்த ஒரு சிற்றூரிலிருந்து ஒரு தகப்பனார் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். தையல் தொழில் செய்பவர். அவருடைய 17 வயது மகன் நான்கு ஆண்டுகளாக வில்லியனூருக்குப் போய்ச் சிலம்பமும் கராத்தேயும் கற்று வருகிறான். ஐங்காலத் தொழுகையில் குறை வைக்காத பிள்ளை. வெளி மாநிலத்தில் நடக்கும் போட்டிக்கு இப்போது அவனைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பயணச் சீட்டு, உடை, நுழைவுக் கட்டணம், தங்கும் செலவு எல்லாம் சேர்ந்து தகப்பனாரின் சக்திக்கு மீறிய தொகையாகிவிட்டது.

இந்நிலையில், குடும்பத்துக்கு நன்கு அறிமுகமான ஒருவர் முன்வந்தாராம். மதுக்கடையும் பாரும் நடத்துபவர். "ஒரு வருஷச் செலவு முழுதும் என்னுடையது. தம்பி போடுகிற சட்டையின் முதுகில் நம்ம கடைப் பேர் இருக்கட்டும். ஜெயித்து வந்தால் ஊரில் ஒரு பேனர் வைப்போம்" என்றாராம். மகனும், "அத்தா, நான் குடிக்கவா போறேன்? சட்டையில பேருதானே!" என்கிறான். மறுபக்கம் ஓர் உறவினர், "இந்த விளையாட்டே ஹராம், எல்லாவற்றையும் விட்டுத் தொலை" என்கிறார். "நான் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது?" என்று தகப்பனார் கேட்கிறார்.

இக்கேள்வி அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று. மதுக்கடைகள் மலிந்த புதுச்சேரி மண்ணில், பிள்ளைகளைக் களத்துக்கு அனுப்பும் எந்த வீட்டின் கதவையும் இது நாளை தட்டக்கூடும். எனவே இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

கலையைக் கற்பது கூடுமா?

முதலில் உறவினரின் சொல்லை எடுத்துக்கொள்வோம். பலமுள்ள முஃமின் பலவீனமான முஃமினைவிட அல்லாஹ்வுக்கு உவப்பானவர், ஆயினும் இருவரிடத்திலும் நன்மை உண்டு என்ற கருத்துள்ள ஹதீது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மக்காவின் பெயர்பெற்ற மல்லரான ருகானாவுடன் நாயகம் (ஸல்) அவர்கள் மல்யுத்தம் செய்து அவரை வீழ்த்திய செய்தியை அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் காண்கிறோம். அபிசீனியர்கள் மஸ்ஜிதுந் நபவியிலேயே ஈட்டி விளையாட்டு நிகழ்த்தினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுக்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பார்த்து மகிழவும் இடம் கொடுத்தார்கள். இது புகாரியில் உள்ளது.

ஹனஃபீ மத்ஹபின் சட்ட நூலான துர்ருல் முக்தாரில், மல்யுத்தம் பித்அத் அன்று, வெறும் வேடிக்கைக்காகச் செய்தால் மக்ரூஹ் என்று கூறப்பட்டுள்ளது. ஆகவே உடலைப் பேணவும், தன்னையும் பிறரையும் காக்கவும் கற்கும் கலை ஹராமாகாது. நிய்யத்தும் நடைமுறையும்தான் அதைத் தீர்மானிக்கின்றன.

நடைமுறை என்று ஏன் சொல்கிறோம்? முகத்தில் அடிப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது உண்டு. எதிராளியின் தலையிலும் முகத்திலும் ஓங்கிக் குத்தி அவனை நினைவிழக்கச் செய்வதே வெற்றி எனும் குத்துச்சண்டையைக் கூடாது என்று, ராபிதத்துல் ஆலமில் இஸ்லாமியின் ஃபிக்ஹு சபை 1987-ஆம் ஆண்டு மக்காவில் கூடிய பத்தாம் அமர்வில் தீர்மானித்தது. சிலம்பமும், அடியை உடலில் படாமல் நிறுத்தும் முறையிலமைந்த கராத்தேயும், ஒருவர் தனித்து அடவுகளைச் செய்து காட்டும் பிரிவுகளும் இவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. எந்தப் பிரிவில் மகன் கலந்துகொள்கிறான் என்பதைப் பெற்றோர் கேட்டறிய வேண்டும்.

பரிசுப் பணத்தின் சட்டம்

அடுத்து, பணம். ஒட்டகம், குதிரை, அம்பெய்தல் ஆகியவற்றிலன்றிப் பந்தயப் பொருள் இல்லை என்ற கருத்துள்ள ஹதீதை அபூதாவூத், திர்மிதீ, நஸயீ ஆகியோர் அறிவித்துள்ளனர். இதை வைத்தே இமாம்கள் சட்டம் வகுத்தனர்.

போட்டியிடும் இருவரும் ஆளுக்கொரு தொகை வைத்து, வென்றவன் இரண்டையும் எடுத்துக்கொள்வது சூதாட்டம். அரசோ, ஊரோ, மூன்றாம் மனிதரோ வென்றவருக்குப் பரிசு தருவது இதிலிருந்து வேறுபட்டது. இதற்கு ஹனஃபீ உலமாக்கள் இடம் தந்துள்ளனர். ஷாஃபிஈ மத்ஹபிலோ மல்யுத்தம் போன்றவற்றைப் பந்தயப் பொருளின்றி நடத்தலாம், பொருள் வைத்து நடத்துவது சரியான சொல்லின்படி கூடாது. ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் குடும்பத்தார் இவ்விஷயத்தைத் தம் ஊர் ஆலிமிடம் கேட்டு நடந்துகொள்வது நல்லது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பல போட்டிகளில் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். மண்டப வாடகை, நடுவர் சம்பளம், சான்றிதழ், உணவு ஆகியவற்றுக்கு அது செலவானால் கூலிபோல ஆகிவிடும். குற்றமில்லை. ஆனால் எல்லோரிடமும் வசூலித்த கட்டணத்தையே திரட்டி வென்றவனிடம் பரிசாகக் கொடுத்தால், பெயர் கட்டணமாக இருந்தாலும் செயல் பந்தயம்தான். பரிசுப் பணம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதில் வெட்கமில்லை.

ஆதரவுப் பணம் என்பது என்ன?

இக்காலத்தில் 'ஸ்பான்ஸர்' என்று சொல்கிறார்களே, அது ஒரே பெயரில் வழங்கும் இரண்டு வெவ்வேறு காரியங்கள். இதைப் பிரித்தறியாததால்தான் குழப்பம் வருகிறது.

முதலாவது ஹதியா, அதாவது அன்பளிப்பு. ஒருவர் பிள்ளையின் திறமையைக் கண்டு, பதிலுக்கு எதுவும் கேளாமல் உதவுகிறார். இரண்டாவது விளம்பர ஒப்பந்தம். இங்கே கொடுப்பவர் பணம் தந்து, பிள்ளையின் சட்டையில் ஓர் இடத்தையும் அவன் பெயருக்கு ஊரிலுள்ள மதிப்பையும் வாடகைக்கு எடுக்கிறார். வாடகைக்கு விடுபவர், தம் பொருள் எதற்குப் பயன்படும் என்று பார்த்தே விடவேண்டும். வீட்டைச் சூதாட்ட விடுதிக்கு வாடகைக்கு விட்டு, "நான் சீட்டு ஆடவில்லையே" என்று சொல்வது எப்படிப் பொருந்தாதோ, அப்படியே "சட்டையில பேருதானே" என்பதும் பொருந்தாது.

மது, சூது இரண்டையும் ஷைத்தானின் அருவருப்பான செயல்களில் சேர்த்து, அவற்றிலிருந்து விலகிக்கொள்ளுமாறு ஸூரத்துல் மாயிதாவின் 90-ஆம் வசனம் கட்டளையிடுகிறது. அதே ஸூராவின் 2-ஆம் வசனம் பாவத்துக்கு ஒருவருக்கொருவர் துணைபோகாதிருக்கச் சொல்கிறது. மது தொடர்பாகப் பத்துப் பேர் சபிக்கப்பட்டதைத் திர்மிதீயிலும் இப்னு மாஜாவிலும் காண்கிறோம். குடிப்பவன் அவர்களில் ஒருவன் மட்டுமே. பிழிபவன், சுமப்பவன், ஊற்றிக் கொடுப்பவன், விற்பவன், அதன் கிரயத்தை உண்பவன் என்று பட்டியல் நீள்கிறது. கடையின் பெயரை முதுகில் சுமந்து ஊரூராகப் போகும் பிள்ளை இப்பட்டியலிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறான் என்பதை நாமே எண்ணிப் பார்க்க வேண்டும்.

மதுவின் பெயர் சோடாவிலும் தண்ணீர்ப் புட்டியிலும் அச்சாகி வருவதும் உண்டு. நேரடி மது விளம்பரத்துக்குத் தடையிருப்பதால் கண்டுபிடித்த வழி இது. புட்டியில் தண்ணீரே இருந்தாலும், பெயர் நினைவூட்டுவது மதுவை என்றால் சட்டம் மாறாது. பணம் கட்டி ஆடும் இணையவழிச் சூதும் இப்படித்தான் விளையாட்டு வீரர்களின் சட்டையில் ஏறி வந்தது. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் சட்டம் இயற்றிப் பண விளையாட்டையும் அதன் விளம்பரத்தையும் தடை செய்தது. மார்க்கம் முன்பே மூடிய கதவை நாட்டின் சட்டமும் மூடியது.

கொடுப்பவர் யாராக இருக்கலாம்?

முஸ்லிம்களிடம் மட்டுமே வாங்க வேண்டும் என்று யாரும் எண்ண வேண்டாம். நாயகம் (ஸல்) அவர்கள் முஸ்லிமல்லாதார் தந்த அன்பளிப்புகளை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். வில்லியனூரிலோ பாகூரிலோ ஜவுளிக்கடை, இரும்புக்கடை, அரிசி ஆலை நடத்தும் இந்துச் சகோதரரோ கிறிஸ்தவச் சகோதரரோ நல்ல மனத்தோடு உதவினால் நன்றியோடு பெற்றுக்கொள்ளலாம். அந்தக் கடையின் பெயரைச் சட்டையில் போடுவதிலும் தடையில்லை. மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தாதவர் என்பதே நமக்குக் கற்பிக்கப்பட்ட பண்பு.

கொடுப்பவரின் சம்பாத்தியம் கலப்பாக இருந்தால்? பெரும்பகுதி ஹலாலாக இருந்தால் அன்பளிப்பை ஏற்கலாம், பெரும்பகுதி ஹராமாக இருந்தால், இது என் ஹலாலான பணம் என்று அவர் தெளிவாகச் சொன்னாலன்றி ஏற்கலாகாது என்று ஹனஃபீ ஃபத்வா நூல்கள் கூறுகின்றன. ஆனால் துருவித் துருவி விசாரித்து மனிதர்களை அவமதிப்பதும் நம் வழியன்று. வெளிப்படையாகத் தெரிவதைக் கொண்டு நடந்துகொண்டால் போதும்.

முஹம்மது அலியின் ஒப்பந்தம்

உலகறிந்த ஓர் எடுத்துக்காட்டைச் சொல்வோம். அமெரிக்காவின் லூயிவில் நகரில் 1942-இல் பிறந்த காஷியஸ் கிளே, பின்னாளில் முஹம்மது அலி என்று பெயர் பெற்றவர். 1954-இல் அவருடைய சைக்கிள் திருட்டுப் போயிற்று. புகார் சொல்லப் போன இடத்தில் சந்தித்த ஒரு போலீஸ்காரரே அவருக்கு முதல் ஆசானானார். 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில், பணம் பெறாத அமெச்சூர் வீரராக அவர் தங்கம் வென்றார். அந்த ஆண்டு அக்டோபரிலேயே லூயிவில் நகரின் 11 செல்வந்தர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து அவரை ஆதரிக்க ஒப்பந்தம் செய்தனர். கையெழுத்திட்ட உடன் 10,000 டாலர் கிடைத்தது. பயிற்சிச் செலவு அவர்களுடையது. பிற்காலத்துக்கென்று வருமானத்தில் ஒரு பங்கைத் தனியே சேமித்து வைக்கவும் ஏற்பாடு இருந்தது.

எழுத்தில் தெளிவாக இருந்த ஒப்பந்தம் என்ற அளவில் இது நல்ல பாடம். ஆனால் அந்தக் குழுவில் முன்னின்றவர்களில் மது வடிக்கும் நிறுவனத்தின் பெரிய பொறுப்பாளர்கள் இருந்தார்கள். கையெழுத்திட்டபோது கிளேவுக்கு வயது 18. தாம் முஸ்லிம் என்று அவர் உலகறியச் சொன்னது 1964-இல். ஒப்பந்தம் முடிந்தது 1966-இல். 18 வயதில் போட்ட கையெழுத்து, நம்பிக்கை மாறிய பின்னும் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்தது. நம் பிள்ளைகள் மார்க்கம் அறிந்த பின்பே கையெழுத்திடுகிறார்கள். அவர்களுக்குச் சாக்குச் சொல்ல இடமில்லை. (அவர் செய்த குத்துச்சண்டைத் தொழிலை நாம் முன்மாதிரியாகக் காட்டவில்லை. ஒப்பந்தத்தின் பாடத்துக்காகவே சொன்னோம்.)

இதற்கு மறுபக்கமாக, தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் வீரர் ஹாஷிம் ஆம்லாவைப் பாருங்கள். அவருடைய அணிக்கு ஆதரவளித்தது ஒரு பீர் நிறுவனம். அந்தச் சின்னம் இல்லாத சட்டையைத்தான் அணிவேன் என்று அவர் கேட்டுக்கொண்டார். நிர்வாகமும் இசைந்தது. அதனால் அவருடைய இடம் பறிபோகவில்லை. டெஸ்ட் ஆட்டத்தில் 300 ஓட்டங்களைக் கடந்த முதல் தென்னாப்பிரிக்கர் என்ற பெருமையை 2012-இல் அவரே பெற்றார். பணிவாகவும் உறுதியாகவும் சொன்னால் கேட்கிற மனிதர்கள் உலகில் இருக்கிறார்கள்.

எங்கே கேட்பது, எப்படிக் கேட்பது?

"வேண்டாம் என்று சொல்வது எளிது. வேறு வழி என்ன?" என்று தகப்பனார் கேட்பார். கேட்பதில் நியாயம் உண்டு.

முதல் வழி அரசு. சிலம்பம் இன்று தெருக்கூத்தாகக் கருதப்படும் நிலையில் இல்லை. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் அது செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. வீரர்களுக்கான உதவித்தொகைகள், பயணச் சலுகைகள் பற்றிப் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியரிடமும் புதுச்சேரி அரசின் விளையாட்டுத் துறை அலுவலகத்திலும் நேரில் விசாரிக்க வேண்டும். சான்றிதழ்களைத் தேதி வரிசையில் ஒரு கோப்பில் வைத்திருப்பது அவசியம்.

இரண்டாவது வழி தொழிற்சாலைகள். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி, குறித்த அளவுக்கு மேல் இலாபம் ஈட்டும் நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 2 சதவீதத்தைப் பொதுநலத்துக்குச் செலவிட வேண்டும். கிராமப்புற விளையாட்டுகளுக்கும் தேசிய அங்கீகாரம் பெற்ற விளையாட்டுகளுக்கும் பயிற்சி தருவது அந்தப் பட்டியலில் இருக்கிறது. தனி ஒரு பிள்ளைக்காகக் கேட்பதைவிடப் பயிற்சிக் கூடம் முழுவதற்குமாக ஆசான் கேட்டால் காரியம் எளிதாகும். வில்லியனூர் பக்கம் சேதராப்பட்டிலேயே தொழிற்பேட்டை இருக்கிறது. மதுவோ சூதோ தொடர்பில்லாத ஆலைகளைப் பார்த்துக் கடிதம் கொடுக்கலாம்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மிகவேண்டாம். பிள்ளை யார், எத்தனை ஆண்டுப் பயிற்சி, எந்தப் போட்டி, எந்தத் தேதி, எந்தச் செலவுக்கு எவ்வளவு என்று வரிவரியாக எழுதுங்கள். பதிலுக்கு நீங்கள் எதைச் செய்ய இயலும் என்பதையும் எழுதுங்கள். திரும்பி வந்தபின் இரசீதுகளுடன் கணக்குக் கொடுங்கள். மிச்சமிருந்தால் திருப்பிக் கொடுங்கள். அது அமானத். இப்படிக் கேட்பது கையேந்துவதாகாது. ஆனால் செலவைக் கூட்டிச் சொல்வதும் இல்லாத வெற்றியை எழுதுவதும் மோசடியாகும். கொடுக்கும் கை வாங்கும் கையைவிட மேலானது என்பதையும் பிள்ளை மறக்கலாகாது. நாளை அவன் இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கும் நிலைக்கு வரவேண்டும்.

மூன்றாவது வழி நம் ஜமாஅத். மதரஸாவுக்காக வீடுதோறும் பிடியரிசி எடுத்து வைத்த தாய்மார்களின் பரம்பரை நம்முடையது. 100 வீடுள்ள மஹல்லாவில் வீட்டுக்கு மாதம் 20 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 24,000 ரூபாய் சேரும். இரண்டு மூன்று பிள்ளைகளின் பயணச் செலவுக்கு அது உதவும். ஸதக்காவிலிருந்து இதைச் செய்ய எந்தத் தடையுமில்லை. ஜகாத்தைப் பொறுத்தவரை விதி வேறு. ஸூரத்துத் தவ்பாவின் 60-ஆம் வசனம் சொல்லும் எட்டு வகையினருக்கே அது உரியது. போட்டிக் கட்டணமாக ஜகாத்தை நேரே கட்டுவது கூடாது. குடும்பம் ஏழையாக இருந்தால், ஏழை என்ற தகுதியில் அவர்கள் கையில் உரிமையாகக் கொடுக்கலாம். பிறகு அதை எதற்குச் செலவிடுவது என்பது அவர்கள் விருப்பம்.

ஒப்பந்தத்தில் எழுதவேண்டியவை

இந்தியச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. ஆகவே பிள்ளையைத் தனியே கையெழுத்திட விடாமல், தகப்பனார் உடனிருந்து, படித்த ஒருவரிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்ட பின்பே முடிவெடுக்க வேண்டும். காலம் எத்தனை மாதம், தொகை எவ்வளவு, காயம்பட்டால் மருத்துவச் செலவு யாருடையது, பரிசுப் பணத்தில் யாருக்கு எவ்வளவு, பிள்ளையின் படத்தை எங்கெல்லாம் போடலாம் என்பன எழுத்தில் இருக்க வேண்டும்.

இவற்றோடு நம் பங்குக்குச் சில: தொழுகை நேரத்துக்கும் ஜும்ஆவுக்கும் இடம் வேண்டும். தொப்புளிலிருந்து முழங்கால் வரை மறையும் உடை வேண்டும். எடைப் பிரிவுக்காக ரமளானில் பர்ளு நோன்பை விடச் சொல்லும் நிபந்தனை கூடாது. களத்தில் ருகூவு போலக் குனிந்தோ மண்ணைத் தொட்டோ வணங்கும் வழக்கம் இருந்தால், நெஞ்சில் கைவைத்து மரியாதை செலுத்த அனுமதி தருமாறு ஆசானிடம் முன்கூட்டியே பணிவாகக் கேளுங்கள். ஆசானை மதிப்பது நம் கடமை, வணக்கம் அல்லாஹ்வுக்கு மட்டுமே என்று விளக்கிச் சொன்னால் பெரும்பாலோர் புரிந்துகொள்வார்கள்.

தகப்பனாருக்கு நம் பதில்

சகோதரரே! பிள்ளையின் கலையை நிறுத்த வேண்டாம். அந்தப் பணத்தை வாங்கவும் வேண்டாம். உதவ வந்த மனிதரைக் கடிந்து பேசாதீர்கள். அவர் உங்கள் மகன் மீது அன்பு வைத்தே வந்தார். "உங்கள் அன்புக்கு நன்றி. எங்கள் மார்க்கத்தில் இதற்கு இடமில்லை" என்று அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.

மகனிடம் இப்படிச் சொல்லுங்கள்: "நீ ஜெயித்து வரும்போது ஊர்ச் சிறுவர்கள் உன் பின்னால் ஓடி வருவார்கள். அவர்கள் கண்ணுக்கு முன்னால் இருப்பது உன் முதுகுதான். அதில் எழுதியிருப்பதைத்தான் அவர்கள் படிப்பார்கள்." குடியால் சீரழிந்த வீடுகள் எத்தனை என்று பாகூரிலும் வில்லியனூரிலும் வாழ்வோருக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இந்த ஆண்டுப் போட்டிக்குப் பணம் சேராமலே போகலாம். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். பிள்ளை அழுவான். ஒரு வாய்ப்புப் போனதென்று உங்கள் மனமும் நோகும். அல்லாஹ்வுக்காக ஒன்றை விட்டவருக்கு அதைவிடச் சிறந்ததை அவன் தருவான் என்பது நம் நம்பிக்கை. ஆனால் அந்தப் பிள்ளையின் இழப்பை அவன் வீட்டார் மட்டும் சுமக்கும்படி விட்டால், நாளை அவனுக்கு அடுத்தவன் அந்தச் சட்டையைப் போட்டுக்கொள்வான். அப்போது குற்றம் அவனுடையது மட்டுமாக இராது. வெறுங்கையோடு "ஹராம்" என்று மட்டும் சொல்லி அனுப்பிய மஹல்லாவுக்கும் அதில் பங்குண்டு.

வீட்டில் கலந்து பேச:

1. அன்பளிப்புக்கும் விளம்பர ஒப்பந்தத்துக்கும் வேறுபாடு என்ன?
2. நுழைவுக் கட்டணம் எப்போது பந்தயமாக மாறுகிறது?
3. நம் மஹல்லாவில் களத்துக்குப் போகும் பிள்ளைகள் யார் யார்? அவர்களுக்கு இதுவரை நாம் கொடுத்தது என்ன?

நம் பிள்ளைகளின் உடலுக்கு வலிமையையும், உள்ளத்துக்கு உறுதியையும், நம் கைகளுக்குத் தாராளத்தையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.